ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆன்லைன் மொய்: நிதி திரட்டும் தளங்கள் மதுரைக்காரருக்கு எவ்வளவு தேறும்?

மதுரைப் பக்கம் மொய் எழுதத் தெரியாத வீடு கிடையாது. மேசை போட்டு ஒருவர் எண்ணி வாங்குவார், இன்னொருவர் நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதுவார். தாய்மாமன் செய்முறை மட்டும் மைக்கில் வாசிக்கப்படும். 2021 ஜனவரியில் மதுரைக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடு அச்சடித்தது நாடு முழுக்கச் செய்தியானது. இன்றைக்கு யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு மாதிரியான தளங்கள் செய்வதும் பார்வைக்கு இதே வேலைதான். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டின் பாரத்தைத் தாங்குவது.

ஆனால் மொய்ப் பணம் அன்று ராத்திரியே வீட்டுப் பீரோவுக்கு வந்துவிடும். தளத்தில் விழும் பணம் ஆஸ்பத்திரி பில் கவுண்ட்டருக்கு வந்து சேர நாலைந்து கதவு தாண்ட வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரு காகிதம், ஒரு சதவீதம், ஒரு நாள் போகும். தளத்தின் முகப்புப் படத்தையும் 'இத்தனை கோடி திரட்டினோம்' என்ற பெரிய எழுத்தையும் பார்த்து மார்க் போடுவதில் பிரயோசனம் இல்லை. கடைசிக் கதவு எத்தனை நாளில் திறக்கிறது, திறக்கும்போது கையில் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். மிலாப் 2010இல் பெங்களூரில் சிறு கடன் தளமாகத் தொடங்கி, பிறகு நன்கொடைக்கு மாறியது. கெட்டோ 2012இல் மும்பையில் வந்தது. இம்பாக்ட்குருவும் மும்பைதான், 2014. இந்த மூன்றிலும் தனி நோயாளி பேரில் நன்கொடை கேட்கும் இணையப் பக்கம் தொடங்கலாம். 2000இல் தொடங்கிய கிவ்இந்தியா முதன்மையாகத் தொண்டு நிறுவனங்களுக்கானது. 2008இல் வந்த ரங் தே நன்கொடைத் தளமே இல்லை. விவசாயிக்கோ சிறு தொழில் செய்பவருக்கோ நீங்கள் கொடுப்பது கடன், அது திரும்பி வர வேண்டும். அந்த வகைக்கு ரிசர்வ் வங்கி 2017இலேயே தனி விதி போட்டுவிட்டது. நன்கொடைத் தளங்களுக்கு அப்படித் தனிச் சட்டமும் இல்லை, தனிக் கண்காணிப்பு அமைப்பும் இல்லை. பணம் வாங்கித் தரும் பேமென்ட் நிறுவனங்கள் எஸ்க்ரோ கணக்கில்தான், அதாவது தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காத தனி வங்கிக் கணக்கில்தான், பணத்தை வைக்க வேண்டும் என்று 2020 முதல் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி ஒரு பாதுகாப்பு. அதற்கு மேல் தகராறு என்றால் நுகர்வோர் நீதிமன்றம், இல்லையென்றால் போலீஸ்.

பக்கம் தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை போட்டுவிடலாம். விசாரிக்க 1800 425 3993. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி உண்டு. இதய ஆபரேஷன், புற்றுநோய், சிறுநீரக மாற்று என்றால் பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். சிகிச்சை முடிந்து பில் கட்டிய பிறகு போய் நின்றால் வேலை நடக்காது, முன்னாலேயே கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கழித்த பிறகு துண்டு விழும் தொகைக்குத்தான் பொதுமக்களிடம் கேட்க வேண்டும். 6 லட்சம் எஸ்டிமேட்டில் காப்பீடு எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால், 'அரசாங்க அட்டை இல்லையா' என்று கேட்கும் ஆளின் வாயும் அடைபடும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை அண்ணா நகரில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுபவர்களின் வருமானத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்த்துவருகிறது. அப்படி இருக்க, இந்தப் பகுதி நோயாளிக்குக் கண்புரை ஆபரேஷன் என்று லட்சக்கணக்கில் ஒரு பக்கம் கேட்டால் நின்று யோசியுங்கள். பெரியாஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொல்லி 'ஆபரேஷன் கட்டணம்' கேட்டாலும் அப்படித்தான். அங்கே வெளியில் வாங்க வேண்டிய மருந்தோ கருவியோ இருக்கலாம். அப்படியானால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும், கடையின் விலைப் பட்டியலும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி காகிதம். தளம் கேட்பது பார்த்தால் கொஞ்சம்தான்: ஆஸ்பத்திரி எஸ்டிமேட், நோயைச் சொல்லும் மருத்துவ அறிக்கை, நோயாளியின் அடையாள அட்டை, பக்கம் தொடங்குபவரின் அடையாள அட்டை, வங்கி விவரம். பக்கம் அரை மணி நேரத்தில் தயாராகிவிடும், நன்கொடையும் விழத் தொடங்கும். சிக்கல் பணம் எடுக்கும்போதுதான் வரும். திரும்பி வரும் எஸ்டிமேட்டுகளில் காரணம் பெரும்பாலும் சில்லறை விஷயமாகவே இருக்கும். லெட்டர்பேடில் தேதி இருக்காது. ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) இருக்காது. கையெழுத்து இருக்கும், டாக்டரின் பதிவு எண்ணும் சீலும் இருக்காது. சில எஸ்டிமேட்டில் 'ஏறக்குறைய 5 முதல் 8 லட்சம்' என்று ஒரே வரி, பிரிவு கிடையாது. கவுண்ட்டரில் கேட்கும்போதே அறை வாடகை, ஐ.சி.யூ. நாள் கணக்கு, ஆபரேஷன், மருந்து, பரிசோதனை என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மருந்துச் செலவு எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா, ஃபார்மசியில் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் எழுதி வாங்குங்கள். புற்றுநோய்க் கீமோவில் இந்த ஒரு கேள்விதான் கணக்கையே மாற்றும். எஸ்டிமேட்டில் நோயாளியின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும், கூட இருக்கும் உறவுக்காரர் பெயரில் இருக்கக் கூடாது.

பெயர் என்றதும் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இனிஷியல். ஒருவருக்கு ஊரில் பெயர் பாண்டி. ஆதாரில் 'முத்துப்பாண்டி'. வங்கிப் பாஸ்புக்கில் 'பாண்டி எம்'. பான் கார்டு எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொல்வதால் அதில் 'முத்துப்பாண்டி முனியசாமி'. நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள். தளம் செய்வது என்ன? கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கும். வங்கி திருப்பிச் சொல்லும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் மார்க் போடும். 'பாண்டி எம்'முக்கும் 'முத்துப்பாண்டி முனியசாமி'க்கும் மார்க் தேறாது. உடனே கணக்கு 'சரிபார்ப்பில்' என்று நிற்கும், ஆள் பார்த்துத் தீர்க்கும் வரை பணம் நகராது. நோயாளி ஐ.சி.யூ.வில் இருக்கும்போது வங்கிக் கிளையில் போய்ப் பெயர் மாற்ற வரிசையில் நிற்பதெல்லாம் கொடுமை. பக்கம் தொடங்கும் முன்பே மூன்று அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்குப் பெயர் மூன்றிலும் ஒத்துப்போகிறதோ, நெருங்கிய உறவாகவும் இருக்கிறாரோ, அவர் கணக்கைக் கொடுங்கள். உறவைக் காட்ட ரேஷன் கார்டு போதும்.

அடுத்தது, அந்தக் கணக்கு என்ன வகைக் கணக்கு? முழு கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இல்லாமல், ஒரு போட்டோவும் கையெழுத்தும் மட்டும் கொடுத்துத் திறந்த 'சிறு கணக்கு' கிராமங்களில் நிறைய இருக்கிறது. அதில் ஒரு நிதியாண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000, மாதத்துக்கு எடுப்பது 10,000 என்று வரம்பு. இதில் 3 லட்சத்தை அனுப்பினால் பணம் வந்த வழியே திரும்பிப் போகும், திரும்பிப் போன பணம் மறுபடி வர இன்னும் சில நாள். ஆதார், பான் கொடுத்து முழு கே.ஒய்.சி. செய்துவிட்டால் இந்த வரம்பு கிடையாது. கிளையில் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

இப்போது சதவீதம். விளம்பரத்தில் எல்லாரும் 'கட்டணம் இல்லை' என்கிறார்கள். கட்டணம் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கலாம். தளக் கட்டணம், அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பேமென்ட் கட்டணம், கார்டு, நெட்பேங்கிங் என்றால் சுமார் 2 சதவீதம், வெளிநாட்டுக் கார்டு என்றால் 3 சதவீதமும் போகும். இந்த இரண்டின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4,00,000 ரூபாய் திரண்டது, தளக் கட்டணம் 5 சதவீதம், பேமென்ட் 2 சதவீதம் என்று வையுங்கள். 20,000மும் அதற்கு வரி 3,600மும், 8,000மும் அதற்கு வரி 1,440மும் சேர்த்து 33,040 போகும். கையில் வருவது 3,66,960. வங்கிக் கணக்கிலிருந்து நேராக யு.பி.ஐ.யில் வாங்கும் வியாபாரிக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்.டி.ஆர். என்ற பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது. ஆகவே கொடுப்பவர்களிடம் 'கார்டு வேண்டாம், யு.பி.ஐ.யில் போடுங்கள்' என்று சொல்வதற்குப் பலன் உண்டு. தளம் அந்த மிச்சத்தை நோயாளிக்குத் தருகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் பிடிக்கிறதா என்பது கட்டணப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

தளக் கட்டணம் சுழியம் என்றால் தளம் எப்படி ஓடுகிறது? டிப்ஸில். பணம் கட்டும் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1,000 என்று தட்டுகிறீர்கள். கீழே ஒரு சிறிய பட்டை, அதில் ஏற்கெனவே ஒரு சதவீதம் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள், 15 என்று வைத்துக்கொள்வோம். பட்டன் '1,150 செலுத்து' என்று சொல்லும். இந்த 150 நோயாளிக்குப் போகாது. பட்டையைச் சுழியத்துக்கு இழுக்க முடியாமல் 'மற்றவை' என்ற வரியைத் திறந்து 0 என்று தட்ட வேண்டிய வடிவமைப்பும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதலில் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. பணம் கட்டும் கடைசித் திரையில் வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் கூடுதல் தொகையைச் சேர்ப்பது அதில் ஒன்று. தர்மத்துக்கான தொகையைச் சேர்ப்பதையே அந்த விளக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். டிப்ஸ் கொடுப்பது தப்பில்லை. சரிபார்க்கும் ஊழியர், சர்வர், போன் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் குறை. மொய் மேசையில் உட்கார்ந்தவர் 'எழுதுகூலி' என்று தாமாகவே நோட்டில் ஒரு தொகை ஏற்றிவிட்டு நம்மிடம் பணம் கேட்டால் சும்மா விடுவோமா?

இதைவிடப் பெரிய தொகை போகும் இடம் விளம்பரம். 'உங்கள் பக்கத்தை நாங்களே ஃபேஸ்புக், யூடியூப்பில் கொண்டுபோகிறோம்' என்று போனில் ஒரு திட்டம் சொல்வார்கள். விளம்பரச் செலவைத் திரண்ட பணத்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள். சொந்தபந்தத்திலேயே பணம் திரளக்கூடிய குடும்பம் இதில் சேர்ந்தால் நஷ்டம், ஏனென்றால் உங்கள் ஆட்கள் போட்ட பணத்திலும் சேர்த்துத்தான் கழிப்பார்கள். சொல்வதற்கு ஆளே இல்லாத, பெரிய தொகை வேண்டிய குடும்பத்துக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். அப்போதும் 'நூறு ரூபாய் வந்தால் எனக்கு எவ்வளவு' என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். போன் பேச்சு கணக்கில் வராது.

பணம் எடுப்பதில் இரண்டு வழி. ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லலாம், இல்லையென்றால் குடும்பத்தார் கணக்குக்கு வாங்கலாம். ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் சரிபார்ப்பு வேகம், கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை. இதையே பரிந்துரைக்கிறோம். ஆனால் பணம் ஆஸ்பத்திரி அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு என்.இ.எஃப்.டி.யில் வந்து, எந்த நோயாளிக்கு என்று தெரியாமல் தேங்கிக் கிடப்பது சகஜம். அனுப்பும் குறிப்பில் ஐ.பி. நம்பரைப் போடச் சொல்லுங்கள். போன பிறகு யு.டி.ஆர். நம்பரை (அந்தப் பணப் பரிமாற்றத்தின் எண்) வாங்கி, அதைக் கையில் எழுதிக்கொண்டு அக்கவுன்ட்ஸில் போய் நின்று, அட்வான்ஸ் ரசீது போட்ட பிறகு நகருங்கள். டிஸ்சார்ஜ் அன்று காலையில் தளத்துக்குப் போன் போட்டால் சாயங்காலம் பணம் வராது. சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் சரிபார்க்க ஆள் இருக்காது. பணம் சேரச் சேர, வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்துவிடுவதே நல்லது. டிஸ்சார்ஜ் நேரத்து அவசரத்துக்குக் குடும்பத்தாரே கட்ட வேண்டி வந்தால், சாதாரண யு.பி.ஐ. வரம்பு ஒரு தடவைக்கு 1 லட்சம், ஆஸ்பத்திரி, கல்வி நிறுவனத்துக்கு 5 லட்சம் வரை போகும். செயலியைப் புதிதாகப் போட்டவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000தான். ஆபரேஷன் நாளில் புதுப் போன் வாங்கிச் செயலி ஏற்றினால் கவுண்ட்டரில் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான்.

குடும்பத்தார் கணக்குக்கு வாங்கினால் வருமான வரியை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். உறவல்லாதவர்களிடமிருந்து ஒரு ஆண்டில் 50,000க்கு மேல் பணம் வந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும் என்பது சட்டம். உறவு யார் என்பதில்தான் வேடிக்கை. தாய்மாமன், அத்தை, சித்தப்பா கொடுத்தால் வரி இல்லை. பெரியம்மா மகன், மாமன் மகன் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளியார். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வந்தால் விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் நோயாளி கையில் பணமே வராததால் வாதிட இடம் உண்டு. மொத்த வருமானமே வரி வரம்புக்குள் இருந்தால் கவலையும் வேண்டாம். சம்பளக்காரர் கணக்கில் வாங்கினால் மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொடுப்பவர்களுக்கும் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது: தளத்தில் போட்டால் 80ஜி வரிக் கழிவு கிடைக்கும் என்று. தனி நோயாளிக்குக் கொடுத்தால் கிடைக்காது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்து, அவர்கள் 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தந்தால்தான். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தாலும், புதிய வரி முறையில் இருந்தாலும் இல்லை.

'எதற்கு இந்தத் தொல்லை, என் ஜிபே நம்பரையே போஸ்டரில் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டால் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை' என்பார்கள். சின்னத் தொகைக்கு, தெரிந்த வட்டத்துக்குள் அது சரி. போஸ்டர் நாலு குரூப் தாண்டிவிட்டால் இரண்டு ஆபத்து. ஒன்று, எவனோ படத்தில் க்யூஆரை மட்டும் மாற்றித் தன் கோடை ஒட்டிச் சுற்ற விடுவான், நோயாளி படம் அதேதான் இருக்கும். ஸ்கேன் செய்ததும் செயலி காட்டும் வங்கிப் பெயர் போஸ்டரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் கொடுப்பவருக்கு இருக்கும் ஒரே காவல். இரண்டாவது ஆபத்து நோயாளிக்கே. முகம் தெரியாத நூறு பேர் அனுப்பும் பணத்தில் ஒன்று யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன புகார் அந்தப் பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து வந்து உங்கள் கணக்கையும் முடக்கும். எந்த ஊர் சைபர் போலீஸ் முடக்கியது என்று தேடி, கடிதம் அனுப்பித் திறப்பதற்குள் ஆபரேஷன் தேதி போய்விடும். தளத்துக்குக் கட்டும் சதவீதத்தில் இந்தக் கவசத்துக்கான விலையும் இருக்கிறது. அந்த அளவில் தளத்துக்கு ஒரு மார்க் கூடப் போடலாம்.

ஆதார் அட்டையின் முழுப் படத்தையும் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள், இதைச் செய்யாதீர்கள். முதல் 8 இலக்கம் மறைத்த ஆதார் இருக்கிறது, அதைக் கொடுங்கள். பொதுப் பார்வைக்கு வைக்கும் எஸ்டிமேட்டில் போன் நம்பரை மறையுங்கள்.

எழுதும் முறைக்கு வருவோம். தளத்து ஆட்கள் எழுதித் தரும் தமிழ் பல நேரம் டப்பிங் விளம்பரம் போல இருக்கும்: 'என் குழந்தை ஒவ்வொரு நொடியும் போராடுகிறது, தயவுசெய்து உங்கள் ஆதரவை நீட்டுங்கள்.' இதைப் படித்து அழகர்கோவில் பக்கத்து ஆள் யாரும் பணம் போட மாட்டார். எந்த ஊர், யார் மகன், என்ன வேலை, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, மொத்தம் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, கையில் எவ்வளவு கட்டியாயிற்று, இன்னும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். இத்தனையையும் பத்து வரியில் எழுதிவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இணைப்புக்கு மேலே அந்தப் பத்து வரியும் இருக்க வேண்டும், வெறும் இணைப்பை யாரும் திறப்பதில்லை. பக்கத்தை ஊருக்கு விடுவதற்கு முன்னால் நெருங்கிய நாலைந்து பேர் தொகை போட்டிருக்க வேண்டும். முதல் பெயராகத் தாய்மாமன் பெயரும் தொகையும் தெரிந்தால்தான் அடுத்தவர் தன் அளவைக் கணக்குப் போடுவார். சுழியத்தில் நிற்கும் பக்கத்துக்கு முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் மனசு வராது. இலக்கையும் ஒரேயடியாக 20 லட்சம் என்று வைக்காமல், முதல் கட்டச் சிகிச்சைக்கு வேண்டியதை வைத்துப் பிறகு உயர்த்துங்கள். 2021இல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு எஸ்.எம்.ஏ. என்ற அரிய மரபணு நோய்க்கான 16 கோடி ரூபாய் மருந்து நன்கொடையில் கிடைத்தது உண்மைதான். அதைப் பார்த்து எல்லாருக்கும் அப்படித் திரளும் என்று நம்புவது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுவது. அந்த மாதிரி அரிய நோய்களுக்கு மத்திய அரசின் 2021ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, அதற்கென அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் வரை உதவி உண்டு, அரசே நடத்தும் நன்கொடைத் தளமும் உண்டு. முதலில் அந்த வாசலைத் தட்டுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் சொந்தம் இல்லாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத ஊர் அறக்கட்டளை அதை வாங்கவே கூடாது. 'நம்ம ஊர்ப் பையன்தானே' என்பது சட்டத்தில் செல்லாது.

ஆஸ்பத்திரி தவிர்த்த காரியங்களுக்கு இந்தத் தளங்கள் அவ்வளவு பொருந்தவில்லை. கண்மாய் தூர்வாரப் பக்கம் தொடங்குகிறார்கள், பணம் திரண்ட பிறகுதான் அனுமதி பற்றி யோசிக்கிறார்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறைக்கு உரியது, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியத்துக்கு. எந்த அலுவலகம் என்று பார்த்து அனுமதிக் கடிதமும் பொறியாளர் எஸ்டிமேட்டும் கையில் வாங்காமல் ஜே.சி.பி. இறக்கினால் மண் திருட்டு வழக்கில் போய் நிற்கும். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மிச்சம் அரசு போடும். 3 லட்சம் திரட்டி ஒரு வேலையை முடிப்பதைவிட, அந்த 3 லட்சத்தைப் பங்காகக் கட்டி 9 லட்சத்துக்கு வேலை வாங்குவது கெட்டிக்காரத்தனம். பள்ளிக்கூடத்துக்கு 2022 டிசம்பரில் வந்த அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளமே நேர்வழி. பள்ளியைத் தேர்ந்து, அதன் தேவையைப் பார்த்துப் பணம் போடலாம். இந்தத் தென்சீமைக்கு இது புதிது ஒன்றும் இல்லை, விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தே பணம் சேர்த்தார்கள். பெரிய அறக்கட்டளைகளுக்கு, தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தை என்ற வழியும் 2023 முதல் இருக்கிறது. ஒரு கண்மாய்க்கும் ஒரு பள்ளிக்கும் அது ரொம்பப் பெரிய கதவு.

மொத்தத்தில், சரியான காகிதங்களோடு போகும் குடும்பத்துக்கு இந்தத் தளங்கள் பயன்படும். பதிவுசெய்வது எளிது, நம்பிக்கை பரவாயில்லை, டிப்ஸ் திரை மோசம். பணம் எடுக்கும் வேகம் உங்கள் இனிஷியலைப் பொறுத்தது. தமிழில் பேசும் ஆள் போனில் கிடைக்கிறாரா என்று பக்கம் தொடங்கும் முன்பே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். தொடங்கிய பிறகு பேசுபவர் விற்பனைப் பிரிவா, பணம் விடுவிக்கும் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு ஆட்கள், முதலாமவர் சொல்லும் தேதி இரண்டாமவரைக் கட்டுப்படுத்தாது.

சிகிச்சை முடிந்தாலும், நோயாளி தவறிவிட்டாலும் பக்கத்தை அன்றே மூடச் சொல்லுங்கள். தவறிய பிறகும் பக்கம் திறந்திருந்து பணம் விழுந்துகொண்டே இருப்பதுதான் ஊரில் பழிச்சொல் வருவதற்கு முதல் காரணம். கடைசி பில், ரசீது, மிச்சம் எவ்வளவு, அது என்ன ஆனது என்று ஒரு பதிவு போட வேண்டும். மூடுவதற்கு முன் கொடுத்தவர்கள் பட்டியலை இறக்கி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்தைப் பொறுத்தவரை அது நன்கொடை, திருப்பித் தர வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துச் சித்தப்பா அப்படி நினைத்துப் போட்டிருக்க மாட்டார். அடுத்த வருஷம் அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வரும்போது பட்டியலில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அவர் பெயர் போடாமல் 'நலம் விரும்பி' என்று அனுப்பியிருந்தால், 5,000 போட்டாரா 500 போட்டாரா என்று போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.